ஓர் அக்கவுன்டன்ட் கட்டிய மாளிகை

பி.காம். படித்தவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம். சென்னையில் அடையாற்றங்கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே மெட்ராஸ் கிளப் மாளிகை, அதைக் கட்டியது நவாபும் இல்லை, கவர்னரும் இல்லை. ஓர் அக்கவுன்டன்ட்!

பெயர் ஜார்ஜ் மௌப்ரே. 1771-ல் கணக்கு எழுதுகிற வேலைக்கு மெட்ராஸ் வந்தவர். ஆற்றோரம் 105 ஏக்கரை வளைத்துப் போட்டு, நடுவில் வீட்டைக் கட்டினார். உச்சியில் குவிமாடம், ஆற்றைப் பார்த்துத் தூண் தூணாகத் தாழ்வாரம். எல்லாம் கிரேக்க, ரோமானிய ஜாடை. நானும் பி.காம்.தான். மங்கலம்பேட்டையில் அஞ்சு சென்ட் மனைக்கு ஆறு வருஷமாகத் தவணை கட்டுகிறேன்.

"சம்பளத்துலயா கட்டினான்?" என்றான் என் நண்பன். சம்பளத்தில் யாருக்கு மாளிகை கட்ட முடியும்? அன்றைய கம்பெனி ஊழியர்களில் பலர் பக்கத்திலேயே சொந்த வியாபாரமும் பார்த்தவர்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கம் விருத்தாசலம், பீங்கான் ஊர். அதனால் எங்கே பளபளப்பைக் கண்டாலும் 'இது எந்த மண், எந்தச் சூளை?' என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்து மெட்ராஸ் தோட்ட வீடுகளின் தூண்களைப் பார்த்து வெள்ளைக்காரர்களே பளிங்கு என்று மயங்கினார்கள். பளிங்காவது ஒன்றாவது! உள்ளே செங்கல், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, மாவாகச் சலித்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய், வெல்லத் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைப்பார்கள். கட்டடமா, கல்யாணச் சமையலா என்று சந்தேகமே வரும்! பூசிய பிறகு வழவழப்பான கல்லால் தேய் தேயென்று தேய்த்தால், முகம் பார்க்கலாம்.

கணக்குப் படித்தவன் கண்ணில் ஒரு வரவு-செலவு இடிக்கிறது. மௌப்ரே பெயர் வீட்டுக்கு வந்தது, ரோட்டுக்கும் வந்தது. அது டி.டி.கே. ரோடாக மாறிய பிறகும் பெரியவர்கள் மௌப்ரீஸ் ரோடு என்றார்கள். வீடு அடையாறு கிளப் கைக்குப் போனது. 1832-ல் பிறந்த மெட்ராஸ் கிளப், 1963-ல் அதனுடன் இணைந்தது. இத்தனையும் பதிவாகி இருக்கிறது. கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துப் போன கொத்தனார் பெயர் மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

தூணின் வடிவம் சீமையிலிருந்து வந்தது. அதன் மினுமினுப்பு நம்ம ஊர்க் கை.

இனி பழைய மாளிகை எதையாவது பார்த்தால், யார் கட்டியது என்று கேட்காதீர்கள் சார். அது வாசல் பலகையிலேயே இருக்கும். யார் பூசியது என்று கேளுங்கள்.