நெற்றி இல்லாத படம்

எங்கள் இல்லத்தில் தந்தையாரின் நிழற்படம் ஒன்றே உண்டு. அவர் மறைவதற்குச் சில திங்கள் முன், 1984இல், பள்ளி மாணவனாகிய யான் அக்ஃபா கிளிக் 3 கேமராவால் எடுத்தது. அதில் அவர்தம் நெற்றி இல்லை.

அஃது எளிய கருவி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். நாம் நோக்கும் துளை மேலே. படம் பதிக்கும் வில்லை கீழே. தொலைவில் நின்றால் இவ்வேறுபாடு புலப்படாது. யானோ ஆர்வ மிகுதியால் மிக அருகே சென்றுவிட்டேன்.

இரட்டை வில்லைக் கேமராவில் காட்சியைப் பெரிதாகக் குனிந்து காணலாம். ஆனால் இடவலம் மாறித் தோன்றும். ஒற்றை வில்லை எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் பதிக்கும் வில்லை வழியாகவே காண்கிறோம். ஆயினும், பதியும் கணத்தில் உள்ளிருக்கும் ஆடி மேலெழ, காட்சி மறைகிறது. கைப்பேசியோ வரம்பின்றிப் படம் தருகிறது. என் கைப்பேசி பழுதுற்ற நாளில், படியெடுத்து வைக்காத அன்னையாரின் படங்கள் அனைத்தும் அதனுடன் அழிந்தன.

தந்தையாரின் நெகட்டிவிலிருந்து அண்மையிலும் ஒரு படி எடுத்தேன்.

எந்தக் கேமரா சிறந்தது என வினவும் மாணவர்க்கு யான் கூறுவது ஒன்றே: முதலில் அதன் குறையை அறிந்துகொள்க, பின்னர் அன்புடையார் முன் அதனை உயர்த்துக.