புதுப்பேட்டையில் ஒரு நூல்கண்டு

சென்னையில் காரைப் பிரிக்க வேண்டுமானாலும் புதுப்பேட்டை. பிரித்த காரைச் சேர்க்க வேண்டுமானாலும் புதுப்பேட்டை. எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், நடக்க இடம் இருந்தால்! ஒரு கடை வாசலில் கார் கதவுகள் மட்டும். அடுத்ததில் கண்ணாடிகள். அதற்கடுத்ததில் கியர்பாக்ஸ் குவியல். வழி தவறினால் கூவத்தின் வாசனை கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும்.

நண்பரின் அம்பாஸடரில் போனோம். 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதனாலேயே கல்யாண வரவேற்பு, சினிமா ஷூட்டிங் என்று இப்போது தனி மவுசு. நண்பரின் குடும்பமே அந்த வாடகையில்தான் ஓடுகிறது. மழையில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததிலிருந்து வண்டிக்கு நண்டு நடை! ஸ்டியரிங்கை லேசாக வலது பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. டயர் தேய்கிறது, ஈர ரோட்டில் பிரேக் போட்டால் வயிற்றைக் கலக்குகிறது. மறுநாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு வேறு.

ஒரு கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் முன்சக்கரங்களை மட்டும் சரிசெய்து பில் கொடுத்தார்கள். "பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது சார், வித்துடுங்க" என்ற யோசனை மட்டும் இலவசம்.

புதுப்பேட்டை மெக்கானிக் பாய் டேப்பை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்தார். இடது பக்கம் 97 அங்குலம். அம்பாஸடருக்கு அதுதான் கணக்கு. வலது பக்கம் 97¾! பி.காம். படித்தவனுக்கு இது போதாதா? பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை.

அடுத்து நூல்கண்டு. பின்டயரை ஒட்டி முன்டயர் வரை நூலை இழுத்துப் பிடித்தார். நூலுக்கும் முன்டயருக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லை.

"திருகு இல்லாத எடத்துல இன்னாத்த சார் திருகுறது? எது நவுந்துச்சுன்னு பார்த்து, அத்த அதும் எடத்துல வெக்கணும். அவ்ளோதான்."

அம்பாஸடரின் பின் ஆக்ஸில் ஒரே கட்டை. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டை அடுக்குகளோடு யூ-போல்ட்களால் கட்டிப் போட்டிருக்கிறது. பட்டைகளைத் துளைத்துப் போகும் சென்டர் போல்ட்டின் தலை ஒரு குழியில் உட்கார்ந்து, ஆக்ஸிலை நகரவிடாமல் பிடிக்கும். யூ-போல்ட்கள் தளர்ந்திருந்த நேரத்தில் பள்ளத்தில் அடிபட்டு, வலது சென்டர் போல்ட் துண்டாகிவிட்டது. ஆக்ஸிலின் அந்த முனை பின்னால் நகர்ந்துவிட்டது.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்து, புது சென்டர் போல்ட்டும் புது யூ-போல்ட்களும் போட்டார். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முடுக்கினார். மறுபடி டேப். இரண்டு பக்கமும் 97!

"கொஞ்ச தூரம் ஓடினதும் இன்னொருவாட்டி டைட் பண்ணிக்குங்க. அப்பால முன்னாடி அலைன்மென்ட் பாருங்க. மொதல்ல பின்னாடி, அப்புறம்தான் முன்னாடி."

இன்றைய சிறிய கார்கள் பலவற்றிலும் பின்னால் ஒரே பீம்தான். கோணம் கொஞ்சம் மாறியிருந்தால், சில கார்களில் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு மாதிரி மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சரிக்கட்டலாம். பீமே வளைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். 'அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது' என்றால் 'வழியே கிடையாது' என்று அர்த்தமில்லை.

மறுநாள் மாப்பிள்ளை நேராக மண்டபம் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் கோணலாகப் போனால் புதுப்பேட்டை பொறுப்பல்ல!