சாட்சிக் கூண்டில் ஒரு ஸ்பீடு கன்

அதிவேக அபராதத்தை எதிர்த்து வழக்காடுகிறேன் என்றால் சக வக்கீல்களே சிரிப்பார்கள். காருக்கு ஆயிரம் ரூபாய் ஃபைன். அதற்கு மேல் வக்கீல் ஃபீஸ், வாய்தா, அலைச்சல், ஒரு நாள் வேலை கெட்டுப்போவது. "கட்டிட்டுப் போகச் சொல்லுங்க சார்" என்பார் என் குமாஸ்தா. பெரும்பாலும் நானும் அதையேதான் சொல்கிறேன். வேகமாகப் போனது உண்மை என்றால் கட்டிவிடுவதுதான் முறை. ஆனால் வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் எஃப்.சி. எடுக்கப் போன இடத்தில் பழைய சலான் ஒன்று எழுந்து நிற்க, "நான் அந்த ஸ்பீடுல போகவே இல்ல சார்" என்று வந்து உட்கார்ந்தால், காகிதத்தை வாங்கிப் பார்க்காமல் அனுப்ப மனம் வருவதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவுதான் அதிவேகத்துக்குத் தண்டனை சொல்கிறது. எல்லோரும் அதில் அபராதத் தொகையைப் பார்ப்பார்கள்; நான் பார்ப்பது மூன்றாவது உட்பிரிவை. 'என் கணிப்பில் இந்த வண்டி வேகமாகப் போனது' என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, அந்தக் கணிப்புக்குப் பின்னால் ஒரு கருவியின் அளவு இருக்க வேண்டும் என்கிறது அது. 2019 திருத்தத்தில் இயந்திரக் கருவியோடு மின்னணுக் கருவியையும் சேர்த்தார்கள். ஆக, ரோட்டில் நிற்கும் காவலரின் கண்ணைச் சட்டமே முழுசாக நம்பவில்லை. உண்மையான சாட்சி கருவிதான். கருவியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியாது என்பதால், அதன் காகிதங்களையும் அதைப் பிடித்த கையையும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கட்சிக்காரர்களில் சிலர் யூடியூபைப் பார்த்துவிட்டுத் தயாராக வருவார்கள். "சார், கொசைன் எரர் இருக்கு சார்!" இருக்கிறது, உண்மைதான். ரேடார் அளப்பது, வண்டி தன்னை நோக்கி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை. சாலையோரமாகச் சாய்ந்து நின்று பிடித்தால், உண்மை வேகத்தின் ஒரு பகுதிதான் அதற்குத் தெரியும். 20 டிகிரி கோணத்தில் நின்று பிடித்தால் 100 கி.மீ. வேகம் 94 என்று காட்டும். அதாவது அந்தப் பிழை ஓட்டியவருக்குத்தான் சாதகம். "அண்ணே, இந்தப் பாயிண்டை எடுத்தா நீங்க இன்னும் ஆறு கிலோமீட்டர் கூடப் போனதா ஆயிடும்" என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

'மீட்டரில் அறுபதுதான் காட்டியது' என்பதும் அப்படியே. வண்டியின் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது தயாரிப்பாளர்களுக்கு உள்ள விதி. முள் அறுபதில் நின்றது நிஜமென்றால் வண்டி அறுபதைத் தாண்டவில்லை. நல்ல வாதம். ஆனால் முள்ளைப் பார்த்தது அவர் ஒருவர்தானே!

கையில் பிடிக்கும் லேசர் கன் விஷயத்தில் கேட்க நிறைய இருக்கிறது. அது ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். லேசர் என்றதும் ஊசி முனை போல ஒரு கோடு என்று நினைக்கிறோம். இந்தக் கன்களின் கற்றை வழக்கமாக 3 மில்லிரேடியன் அளவுக்கு விரியும். 300 மீட்டர் தள்ளிப்போனால் அதன் அகலம் 90 சென்டிமீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்டப் பாதிக் கார். கற்றை கண்ணாடியில் பட்டு, கை சற்று அசைந்து, அதே நொடிக்குள் பானட்டுக்கு இறங்கினால், வண்டி உண்மையில் நெருங்கியதைவிட ஒரு மீட்டர் கூடுதலாக நெருங்கியதாகக் கருவி எண்ணிக்கொள்ள இடம் உண்டு. நல்ல கருவிகள் இப்படிப்பட்ட அளவைத் தாமே நிராகரித்துவிடும். எல்லாவற்றையும் நிராகரிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே குறுக்கு விசாரணையில் எனக்கு வேண்டியவை எளிய பதில்கள்தான். எத்தனை மீட்டரில் பிடித்தீர்கள்? ஸ்டாண்டில் வைத்தா, கையிலா? பக்கத்து லேனில் வண்டி இருந்ததா? டியூட்டி தொடங்குமுன் கருவியைச் சோதித்தீர்களா, அதை எங்கே எழுதி வைத்தீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மௌனம். கூண்டில் நிற்கும் எஸ்.எஸ்.ஐ. மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் நின்று கணக்குக் காட்டும்படி அனுப்பப்பட்டவர் அவர்; ரிஜிஸ்டர் போடச் சொல்லி யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பார்த்த வரையில் கருவி தப்பாக அளந்ததால் விழுந்த வழக்கு அபூர்வம். வழக்கு விழுவது கருவிக்கும் மனிதருக்கும் நடுவில்: நம்பர் பிளேட்டில், போட்டோவில், போர்டில், சான்றிதழில்.

ஒரு டாக்ஸி ஓட்டுநர் கொண்டுவந்த நோட்டீஸைச் சொல்கிறேன். வேகம் 97 என்று போட்டிருந்தது. அவர் வண்டியிலோ 80க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. அதைக் கழற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு என்பதால் நான் உடனே நம்பிவிடவில்லை. போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். குறி வைத்ததைக் காட்டும் சிவப்புக் கூட்டல் அடையாளம் வலது லேனில் போன ஒரு வெள்ளிநிறக் காரின் முகப்பில் இருந்தது. அந்தக் காரின் பிளேட் படத்தில் தெளிவில்லை. மூலையில் வெட்டி ஒட்டியிருந்த பிளேட், இடது லேனில் பின்னால் வந்த இவருடையது. வேகம் ஒரு வண்டியுடையது, நம்பர் இன்னொரு வண்டியுடையது. வாடகை வண்டிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஜி.பி.எஸ். கருவியின் பதிவை நிறுவனத்திடம் கேட்டு வாங்கினோம். அந்த நிமிடத்தில் 68. மனுவோடு இரண்டையும் வைத்தோம், சலான் ரத்தானது.

போட்டோவுக்கு அடுத்து நான் பார்ப்பது வேக வரம்பை. சென்னையில் 2023 நவம்பரில் அறிவித்தபடி காருக்கு 60, கனரக வண்டிக்கும் பைக்குக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. ஒரே 56 என்ற அளவு பைக்குக்குக் குற்றம், காருக்கு இல்லை. நோட்டீஸில் வண்டியின் வகை சரியாக இருக்கிறதா, இடம் எந்தத் தெரு என்று திருத்தமாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். 'மெயின் ரோடு' என்று மொட்டையாக எழுதிய நோட்டீஸ்கள் என் ஃபைலில் உண்டு. மாநில அரசு வைக்கும் வரம்புக்கு அறிவிக்கையும் வேண்டும், சாலையில் போர்டும் வேண்டும் என்கிறது 112ஆவது பிரிவு. கட்சிக்காரரை அனுப்பி அந்த இடத்தைப் போட்டோ எடுத்துவரச் சொல்வேன். போர்டின் மேல் காதணி விழா பேனர் கட்டியிருந்த படமும் வந்திருக்கிறது.

அப்புறம் காகிதம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்ந்த 167ஏ இதை விரிவாகச் சொல்கிறது. கருவிக்கு மாநில அரசு குறித்த அதிகாரியின் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு நடப்பதை எச்சரிக்கும் போர்டு வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குற்றத்தையும் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவியின் அளவு, தேதி, நேரம், இடம், மின்னணுப் பதிவுக்கான சான்று எல்லாம் கூட வர வேண்டும். கடைசியாகச் சொன்ன சான்று முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு. நகலாக வரும் மின்னணுப் பதிவுக்கு இந்தச் சான்று கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ரேடார் வேகக் கருவிகளையும் தராசு, பெட்ரோல் பம்ப் போலச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்று சட்ட அளவியல் விதிகளிலும் 2025இல் சேர்த்திருக்கிறார்கள்.

சாலையில் சாவைக் குறைக்கத்தானே கேமரா வைக்கிறார்கள், நீங்கள் ஓட்டை தேடுகிறீர்களே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேமரா ஏற்பாட்டை எல்லா மாநிலங்களிலும் நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது, கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான். அறுவை மேசையில் உடைந்த உடம்புகளைப் பார்த்த ஒருவர் கேட்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தப்பான வண்டிக்குப் போகும் ஒவ்வொரு சலானும், வேகமாகப் போன ஒருவன் தப்பித்துவிட்டான் என்பதற்கும் சலான்தானே. அந்த வெள்ளிநிறக் கார்க்காரர் இன்றைக்கும் ஒரு பைசா கட்டவில்லை.

காவல்துறைக்கு ஒரு வேண்டுகோள். கருவியின் வரிசை எண்ணையும், கடைசியாகச் சோதித்த தேதியையும் நோட்டீஸிலேயே அச்சிட்டுவிடுங்கள். இரண்டு வரிதான், என்னைப் போன்றவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். வாசகர்களுக்கு: மெசேஜ் வந்த அன்றைக்கே லிங்க்கைத் திறந்து படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், அது போக்குவரத்துத் துறையின் அதிகாரப்பூர்வத் தளம்தானா என்று பார்த்துவிட்டு. படத்தில் இருப்பது உங்கள் வண்டி, குறி இருப்பதும் அதன் மேல், போர்டும் கண்ணில் படும்படி இருந்தது என்றால் வக்கீலைத் தேட வேண்டாம், ஃபைனைக் கட்டிவிடுங்கள்.