அம்மணி சாப்பிடலீங்க!

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மணி என் மனைவி அல்ல. பூனை. எங்கள் கொங்குச் சீமையில் வீட்டுப் பெண்களை 'அம்மணி' என்று கூப்பிடுவது வழக்கம். என் அம்மா அதையே பூனைக்கும் பெயராக வைத்துவிட்டாள். விளைவு? "அம்மணி மூணு நாளா சாப்பிடலீங்க சார், அரை நாள் லீவு வேணும்" என்று நான் போய் நின்றபோது, மானேஜர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ஏம்ப்பா, வீட்ல சண்டையா? ரெண்டு முழம் மல்லிப்பூ வாங்கிட்டுப் போ. சாப்பிடுவாங்க."

பூனை என்றால் லீவு கிடைக்காது. எனவே தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மணி பிறந்தது கருமத்தம்பட்டியில், எங்கள் வீட்டை ஒட்டிய தறி ஷெட்டில். விசைத்தறியின் 'சடக் சடக்' சத்தம்தான் அதற்குத் தாலாட்டு. ஒரு நாள் தெருநாய் ஒன்று பின்னங்காலைக் கடித்துக் குதறிவிட்டது. புண் மேலே ஆறி, உள்ளே எலும்பில் சீழ் பிடித்துக்கொண்டது. எலும்புக்குள் போன கிருமி லேசில் போகாதாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

பூனைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா சார்? துண்டில் சுருட்டி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி குழந்தை மாதிரி பிடித்து, வாயைத் திறந்து உள்ளே போட்டால், முழுங்கியது போலவே ஒரு பாவனை. நடிப்புக்கு விருது உண்டு! கீழே விட்டதும் மூலையில் போய் 'தூ' என்று துப்பும். அப்புறம் அரை மணி நேரம் வாயில் நுரை. விஷத்தைக் குடித்ததுபோல நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே... நான் ஆபீஸில் எத்தனையோ மெமோ வாங்கியிருக்கிறேன், ஒன்றும் இவ்வளவு உறைத்ததில்லை.

அம்மாவுக்கு இந்த மல்யுத்தம் பொறுக்கவில்லை. "வாயில்லா ஜீவனைப் போட்டு ஏங்கண்ணு இந்தப் பாடு படுத்தறே?" என்று மாத்திரையைப் பொடி பண்ணி, அதற்கு உயிரான மத்தி மீனில் பிசைந்து வைத்தாள். முதல் நாள் தட்டு காலி. மூன்றாம் நாள் மோந்து பார்த்தது. பத்தாவது நாள் மத்தி மீன் வாசம் வந்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடியது. நாலாவது வாரம் மீன், பால், முட்டை, பக்கத்து வீட்டு எலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாலு கிலோ இருந்தது மூன்றே கால் ஆனது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

பூனை சாப்பிடவில்லை என்றால் தெருவே டாக்டர் ஆகிவிடும். ஒருவர் பாலில் சர்க்கரை போடச் சொன்னார். பூனைக்கு இனிப்பே தெரியாது சார்! இனிப்பை உணரவைக்கும் மரபணு ஒன்று பூனை இனத்தில் பழுதாகிக் கிடப்பதை 2005-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். புலிக்கும் சிறுத்தைக்கும் அதே கதிதான். கசப்பு மட்டும் நன்றாகவே தெரியும். இன்னொருவர், "மேலுக்குச் சுடுதாட்டம் இருக்குதுங்க, கால் பாராசிட்டமால் குடுத்துப் பாருங்க" என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குப் போதாது. மனுஷனுக்குக் காய்ச்சல் போகிற மாத்திரையில் பூனைக்கு உயிரே போய்விடும்.

காய்கறிக் கூடையில் அம்மணி, மேலே கவிழ்த்த இன்னொரு கூடை, அதைக் கட்டிப் பிடித்தபடி பின் சீட்டில் மனைவி. அவிநாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே கோயமுத்தூருக்கு வண்டியை விட்டேன். டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை நாளா சுத்தமா சாப்பிடலை?" என்பதைத்தான்.

"மூணு நாளுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. நாய் சில நாள் பட்டினி தாங்குமாம். பூனை தாங்காதாம். தீனி நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வந்து குவியும். பூனை ஈரலால் அத்தனையையும் சமாளிக்க முடியாது. ஈரலே கொழுப்பேறி, மஞ்சள் காமாலை கண்டு, சாப்பாடு இன்னும் வெறுத்துப்போகும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். காலைக் காப்பாற்றப் போய்ப் பூனையையே பறிகொடுக்கிற கதை! காதையும் ஈறையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் மஞ்சள் ஏறலை" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"பசி இல்லாம இல்லீங்க. சாப்பாட்டு மேல நம்பிக்கை போயிடுச்சு" என்றார் டாக்டர். மருந்து வயிற்றைப் புரட்டுகிறது. பூனை பழி போடுவது மருந்தின் மேல் அல்ல, அந்த நேரத்தில் வாயில் இருந்த மீனின் மேல்!

இது பூனைக்கு மட்டும் உள்ள குணமில்லை. ஜான் கார்சியா என்ற அமெரிக்க விஞ்ஞானி 1955-லேயே எலிகளிடம் இதைக் காட்டினார். சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் குடிக்கும்போது எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் போனது கதிர்வீச்சால். எலிகள் வெறுத்ததோ இனிப்புத் தண்ணீரை! 1978-ல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அம்மையார், புற்றுநோய் மருந்து ஏற்றும் முன் ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதே ஐஸ்கிரீமை ஒதுக்குவதைக் கண்டு எழுதினார். ஐஸ்கிரீமையே ஒதுக்கும்போது மத்தி மீன் எம்மாத்திரம்?

மாத்திரையை நிறுத்த முடியாது, எலும்பு பாக்கி இருக்கிறது. எனவே டாக்டர் குமட்டலுக்கு ஓர் ஊசி போட்டார். பசி எடுக்க மிர்ட்டாஸபைன் என்ற மருந்தைத் துளியூண்டு கொடுத்தார். மனுஷர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைதான் அது, பூனைக்குப் பசியைக் கிளப்புமாம். (அமெரிக்காவில் இதையே பூனையின் காதில் தடவும் களிம்பாக 2018-ல் அனுமதித்திருக்கிறார்கள். நுரையும் இல்லை, மல்யுத்தமும் இல்லை. கொடுத்துவைத்த பூனைகள்!) கசப்பு மாத்திரை இனி வெற்று கேப்ஸ்யூலுக்குள். பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர். சில மாத்திரைகள் தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடுமாம்.

முக்கியமாக, மருந்து கொடுக்கிற ஆள், இடம், நேரம் வேறு. சோறு வைக்கிற ஆள், இடம், நேரம் வேறு. வில்லன் வேஷம் எனக்கு. கொல்லைப்புறத் திண்ணையில் மாத்திரையைப் போட்டுவிட்டு நான் மறைந்துவிட வேண்டும். ரொம்ப நேரம் கழித்து, தறி ஷெட்டில், புதுத் தட்டில், அம்மா கையால் சாப்பாடு. மத்திக்குத் தடா. உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழி, கை பொறுக்கும் இளஞ்சூட்டில். பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது, சூடு இருந்தால்தான் வாசம் எழும். 'சாப்பிடு, சாப்பிடு' என்று பக்கத்தில் உட்கார்ந்து நச்சரிக்கவும் கூடாது.

கடைசி ஷரத்தைக் கேட்டு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூனை மூணு நாள் உங்கலீன்னா கோயமுத்தூருக்கு ஓடறீங்க. எனக்கு சக்கரை மாத்திரை தின்னு தின்னு வாயெல்லாம் தகரத்தை நக்கினாப்ல கெடக்குது. ரெண்டு வருசமா ரசஞ்சோத்துலதான் காலம் ஓடுது. ஆரு கேட்டா?"

வீடு கப்சிப். தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரமே அம்மாவை அவளுடைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா தின்பது மெட்ஃபார்மின். சிலருக்கு அது பசியைக் குறைக்கும், வாயில் உலோக ருசி தட்டும், பல வருஷம் எடுத்தால் பி-12 சத்தும் குறையலாம் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். மெதுவாகக் கரையும் மாத்திரையாக மாற்றி, சாப்பாட்டோடு சேர்த்தே போடச் சொன்னார். பத்துப் பதினைந்து நாளில் அம்மா தானாக, "கொள்ளுப் பருப்பு கடையட்டுமா கண்ணு?" என்றாள்.

அம்மணி அதற்கு முன்பே தேறிவிட்டது. ஊசி போட்ட மறுநாள் ராத்திரி கோழித் துண்டை மோந்து, விலகி, திரும்பி வந்து, ஒரு நக்கு. அப்புறம் ஒரு கடி. அம்மா பாவு நூலுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து பார்த்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் ஓடிவந்து என் தோளைத் தட்டினாள். ஆறு வாரக் கணக்கு முடிந்தபோது காலும் நேராகிவிட்டது. எடை மறுபடி நாலு கிலோ.

என் மேல் மட்டும் இன்னும் கோபம் போகவில்லை. மாத்திரை அட்டை பிரிக்கிற 'பட்' சத்தம் கேட்டால் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்து ஓடுகிறது. நான் இப்போது என் கேஸ் மாத்திரையைக் காம்பவுண்டுக்கு வெளியே போய் நின்றுதான் பிரிக்கிறேன்.