எண்ணிக்கைதானே என்கிறார்கள்

என் பணி நிறைவு விழாவில் கோட்பாட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர், "இருபது வருடம் புரோட்டானை எண்ணினார்" என்று பாராட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது.

எண்ணிக்கைதான். புரூக்ஹேவனின் ரிக் வளையத்தில் தங்க அணுக்கருக்கள் மோதிய ஒவ்வொரு முறையும், புரோட்டான்களிலிருந்து எதிர்ப்புரோட்டான்களைக் கழித்து ஓர் எண். லட்சக்கணக்கான மோதல்களில் அந்த எண் எப்படிப் பரவுகிறது என்பதுதான் கேள்வி. பரவலின் வடிவத்தை அளக்கும் குமுலன்ட்களில் நான்காவதை இரண்டாவதால் வகுத்தால், ஒன்றையொன்று அறியாமல் வரும் துகள்களுக்கு 1 கிடைக்கும். அணுக்கருப் பொருளின் மாறுநிலைப் புள்ளி அருகில் இருந்தால் 1-ஐ விட்டு விலகும். மோதல் எவ்வளவு நேருக்கு நேர் என்ற மையத்தன்மையை நிர்ணயிக்கும்போது புரோட்டான்களைச் சேர்க்கக் கூடாது, பீம் குழாய்ச் சுவரிலிருந்து பெயர்ந்து வருபவற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே.

என்னைப் படுத்தியது அந்தப் பரவலின் வால், ஓரத்தில் விழும் ஒருசில மோதல்கள். 0.8 ஜிஇவி உந்தம்வரை டிபிசி என்னும் தடமறி கருவியின் வாயுவில் பதியும் தடமே புரோட்டானைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் 2 வரை போக, துகள் பறந்துவரும் நேரத்தை அளக்கும் டாஃப் கருவியும் வேண்டும். முதல்முறை அப்படி எல்லையை நீட்டியபோது, குறைந்த ஆற்றல் ஒன்றில் விகிதம் 3-ஐத் தாண்டியது. மூன்று வாரம் எனக்குத் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அந்தப் படத்தைப் பார்க்கவே மறுத்தார். "முதலில் புள்ளி போட்டுக் கொண்டுவா" என்றார். கிடையச்சில் மொத்தத் தடங்கள், நிலையச்சில் புரோட்டான்கள், ஒரு மோதலுக்கு ஒரு புள்ளி. போட்டேன். கரிய மேகத்துக்குக் கீழே, வலது ஓரத்தில், எண்ணெய்க் கறைபோல மெல்லிய ஒரு தீற்று. அவர் விரல் நேராக அங்கே போய் நின்றது. தரவு எடுத்த ஒவ்வொரு ரன்னாகப் பிரித்தால், கறை முழுவதும் நாலைந்து ரன்களுக்குள் அடங்கியது. அந்த மோதல்களில் டாஃப் நேரம் தரவில்லை. டிபிசியோ தடங்களைக் குறைவில்லாமல் எண்ணியிருக்கிறது. ஆகவே அவையும் நேருக்கு நேர் மோதல்களோடு உட்கார்ந்துவிட்டன. இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டு அத்தகைய மோதல்களைத் தள்ளும் நிபந்தனையை நான் போடவில்லை. தவறு என்னுடையது.

எத்தனை மோதல்கள் என்று நினைக்கிறீர்கள்? சராசரி 40 புரோட்டான் வரும் இடத்தில், ஆயிரத்துக்கு மூன்று மோதல்களில் மட்டும் சராசரி 25-ஆக இறங்கினால் போதும், விகிதம் 3-க்கு மேல் போய்விடும். தாளில் போட்டுப் பாருங்கள். சராசரியோ 40-ஐ விட்டு அசையாது.

இன்று நிரல் தயாராக இருக்கிறது. கருவி புரோட்டானைப் பிடிக்கும் திறனுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் மாலைக்குள் படம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு புரோட்டானும் தனித்தனியாகக் காசு சுண்டித்தான் பிடிபடுகிறது என்று அந்த நிரல் நம்புகிறது. தடங்கள் நெருங்க நெருங்கத் திறன் இறங்குவதை அதை ஓட்டும் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. பிழைக்கோடு சின்னதாக இருந்தால் போதும் என்கிறார்கள். கோடு சின்னதானது மோதல்கள் கூடியதால். கறை இருந்தால் அதுவும் கூடவே வரும்.

சென்ற வாரம் ஒரு மாணவன் அழகான படத்தோடு வந்தான். புள்ளிப் படம் எங்கே என்றேன். நல்ல ரன்களின் பட்டியலைத்தான் எடுத்ததாகச் சொன்னான். பட்டியலைச் சரிபார்த்தது யார்? அவனுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முதல் ரன்னிலிருந்து இருவரும் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். என் அடையாள அட்டை மாதக் கடைசிவரை செல்லும்.