கேட்கக் கூசும் கேள்வி

புற்றுநோய் என்றவுடன் நம்மவர் அஞ்சுவது கட்டியை மட்டுமே. அக்கட்டிக்கு மருத்துவம் செய்யும் இடத்திலேயே வந்து தொற்றும் கிருமிகளைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலர். புற்றுக்கு ஏற்றும் மருந்து, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை பெரும்பாலும் அவை மிகத் தாழ்ந்திருக்கும். அப்பொழுது கிருமி புகுந்தால் சீழும் இராது, வீக்கமும் இராது. சீழை உண்டாக்குவனவே அவ்வணுக்கள் அல்லவா? 38 பாகைக் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து உடலில் ஏறியாக வேண்டும்.

என் தமக்கையார் மார்புப் புற்றுக்கு மருந்தேற்றிக்கொண்டு தாப்பாவுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள், தோட்டத்து உறவினர் ஆரஞ்சுப் பைகளோடு வந்து கூடத்தை நிறைத்தனர். நோயாளியைச் சூழ்ந்து அமர்வதே அன்பென்பது நம் வழக்கம். மாலையில் காய்ச்சல் கண்டது. "கண்ணேறு பட்டிருக்கிறது, விடியட்டும்" என்றார் பெரியம்மா. தமக்கையாரோ, "தம்பி, வண்டியை எடு" என்றார். அன்றிரவே ஈப்போ சென்றோம், பிழைத்தார். கண்ணேறும் கர்மவினையும் பேசிக்கொண்டிருந்தால் விடியலை அவர் கண்டிருப்பாரோ என்னவோ!

வைத்தியசாலையில் மற்றொன்றும் கண்டேன். ஒரு கட்டிலிலிருந்து வந்த இளம் டாக்டர், கை கழுவாமலே தமக்கையாரின் கையில் செருகியிருந்த குழாயைத் தொடப் போனார். "டாக்டர், கை கழுவினீர்களா?" என்று மலாய் மொழியில் கேட்டார் தமக்கையார். வார்டே அமைதியாயிற்று. டாக்டர் சிவந்த முகத்தோடு சென்று கழுவி வந்தார். பக்கத்துக் கட்டிலின் அம்மையார், "இப்படியெல்லாம் கேட்கலாமா?" என்று முணுமுணுத்தார். துரைக்கும் கிராணிக்கும் முன் வாய் திறவாதே என்று லயத்தில் கற்ற பாடம், தோட்டம் துண்டாடப்பட்ட பின்னும் நம்மை விட்டபாடில்லை.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே தாய்மாரைக் கொல்கிறதென்று கண்டு, கழுவச் செய்தார். நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு சில மாதங்களில் இரண்டளவுக்கு இறங்கிற்று. ஆயினும் சக வைத்தியர் பலர் ஏற்றாரில்லை. தம் கைகளைக் குற்றம் சொன்னதே காரணம்.

நிற்க. கழுவிய கைக்கும் தப்பிய கிருமிக்கு மருந்து வேண்டும். அம்மருந்தோ தேய்ந்து வருகிறது. வலிமைமிக்க மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் கிருமிகள் சென்னையில் பரவியிருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்ட ஆய்வொன்று 2010இல் காட்டிற்று. அவற்றின் நொதிக்குப் புதுதில்லியின் பெயரை இட்டது தகுமா என்று அங்கே எழுந்த சண்டையில், கிருமி சிறிது நேரம் மறக்கப்பட்டது! 2012இல் மருத்துவர் கூடிச் சென்னைப் பிரகடனம் வகுத்தனர். 2014 முதல் கடைவிற்பனைக்கும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. கடைசி ஆயுதமாகிய கொலிஸ்டினைக் கோழிக்கும் பன்றிக்கும் கொடுப்பதை மலேசியா 2019 சனவரியிலும், இந்தியா அவ்வாண்டு சூலையிலும் தடுத்தன.

வெள்ளணு குன்றியவருக்கு மருந்தைக் குறைக்கச் சொல்ல இயலாது. குறைக்கக் கூடியவர் நலமாயிருக்கும் நாமே. சளிக்குக் காரணம் வைரஸ். அதனிடம் இம்மருந்து செல்லாது. எனினும் பாதி தின்ற மாத்திரைகளை அலமாரியில் காத்து, அண்டை வீட்டாருக்குப் பங்கிடுகிறோம். எஞ்சியதை அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள்.