இழுக்காத வில்

“இழுக்க வேண்டாம். கீழே போடுங்கள்.”

பாஸ்டனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியறை. ஆசிரியர் என்னிடம் நான்காவது முறையாக அதையே சொன்னார். பத்து வயதில் வயலினைத் தொட்ட நாள் முதல் எனக்குச் சொல்லித்தரப்பட்டது நேர்மாறான பாடம். வில்லை இழு, ஒலி அறாமல் இழு, வில் திரும்பும் இடம் கேட்பவர் காதுக்குத் தெரியக் கூடாது. இங்கே கற்க வந்திருப்பதோ, வில்லைத் தந்திமேல் விழவிட்டு விழுந்த இடத்திலேயே நிறுத்தும் வித்தை. ‘சாப்’ என்கிறார்கள். வயலினைத் தாளவாத்தியமாக்கும் வில்வேலை.

அவர் செய்து காட்டினார். இடக்கை விரல்கள் தந்திகளை அழுத்தாமல் தொட்டு அடக்கியிருந்தன. வலக்கை, பிடிக்குப் பக்கத்து முடியின் வெளி ஓரம் மட்டும் படும்படி வில்லைச் சாய்த்து, சற்றே முன்பக்கமாகப் போட்டது. ‘சக்’. சுருதியே இல்லாத உலர்ந்த ஒலி. வில் தந்தியைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. அந்தக் கவ்வலிலிருந்தே அதைப் பிடுங்கி எடுத்தபோது, சன்னமாக இன்னொரு ‘கிட்’. மிருதங்கத்தில் விரல் தோலைவிட்டு எழாமல் அடைத்து வாசிக்கும் சொற்கள் உண்டே, அவற்றுக்கு உறவான ஒலி இது.

நான் போட்டால் வில் துள்ளியது. துள்ளலைத் தடுக்கக் கட்டைவிரலை இறுக்கினேன், கீச்சிட்டது. என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “விழுவதற்கு வில்லின் எடை போதும். விழுந்தபின் எழவிடாமல் வைப்பதுதான் கையின் வேலை” என்றார். ஒரு மணி நேரம் கழித்து, ஒரே ஒரு முறை, வில் கவ்வி நின்றது. முதன்முதலில் ஸட்ஜம் சுத்தமாகச் சேர்ந்த நாளின் மகிழ்ச்சி அது.

இந்த வித்தை 1960களில் பிறந்தது. புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டார் இசைவகையை வாசித்த பில் மன்றோவின் குழுவில் டிரம்ஸ் இல்லை. எதிர்த்தட்டில் வெட்டி வெட்டித் தாளத்தைப் பிடித்துவைத்தது அவருடைய மாண்டலின். அங்கே வயலின் வாசித்த ரிச்சர்ட் கிரீன் அந்த வெட்டை வில்லுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து டாரல் ஆங்கருக்கு வந்தது. 1985இல் ஆங்கரும் சேர்ந்து தொடங்கிய டர்டில் ஐலண்ட் நால்வர் குழு, தாளக்கருவி ஏதுமில்லாமல் ஜாஸ் வாசிக்க இதையே ஊன்றுகோலாக்கிக்கொண்டது. கேசி டிரீசனும் ஒரியோல் சான்யாவும் இதை எழுதிவைக்கக் குறியீடு வகுத்தது பிற்பாடுதான். அதுவரை காதும் கையுமாகவே பரவிய வித்தை. நம்மூரில் பாடாந்தரம் என்கிறோமே, அதுதான்.

மூன்றாம் வாரம் என் வில்லில் பத்துப் பன்னிரண்டு முடிகள் அறுந்து தொங்கின. முடி மாற்றும் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் வில்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “சாப் பழகுகிறீர்கள்” என்றார். எல்லாம் பிடிக்கு அருகே, ஒரே ஓரத்தில் அறுந்திருந்தனவாம்.

அவர் வேலையை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்தேன். இசைக் கட்டுரைகளில் முடி மாற்றுபவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஒரு வில்லுக்கு நூற்றைம்பது முதல் இருநூறு முடி வரை வேண்டும். மங்கோலியா, சைபீரியா போன்ற குளிர்நாட்டுக் குதிரைகளின் வால்முடி. வளைந்ததையும் மெலிந்ததையும் ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். நூலால் நுனியைக் கட்டி, ரோசின் பொடி தொட்டு, சுடரில் ஒரு கணம் காட்டினார். முடிநுனி பொசுங்கித் தடித்தது, இனிக் கட்டு நழுவாது. வில்தலையின் சிறு குழியில் அதை வைத்து ஒரு மர ஆப்பால் அடைத்தார். அந்த ஆப்பைக் கத்தியால் அந்தக் குழிக்கென்றே செதுக்கினார், பசையே இல்லை. கொஞ்சம் தளர்ந்தால் முடி கழன்றுவிடும். கொஞ்சம் இறுகினால் வில்தலை பிளந்துவிடும். மூன்று தடவை வைத்துப் பார்த்து, மூன்று தடவையும் இழையளவு சீவினார். பிறகு நனைத்துச் சீப்பால் வாரி, மறுமுனையையும் அப்படியே கட்டினார்.

என்னுடையது கார்பன் ஃபைபர் வில். “இது தாங்கும்” என்றார். சுவரில் பெர்னாம்புகோ மர வில்கள் தொங்கின. பிரேசிலில் வளரும் அந்த மரம் அருகிவருவதால் 2007 முதல் அதன் வணிகத்துக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு. அவற்றை சாப் பழகக் கேட்டால் கொடுக்கவே மாட்டாராம். சரிதான் என்று நினைத்தேன்.

இரவு வீட்டில் தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் குதிகால்மேல் வைத்து, கர்நாடக முறையில் போட்டுப் பார்த்தேன். நின்று வாசிப்பவர்களுக்குத் தந்தி ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும். எனக்கோ பாதம் நோக்கிச் சரிந்திருந்தது. போட்ட வில், தந்திகளைத் தாங்கும் குதிரையைவிட்டு விலகிக் கீழே வழுக்கியது. முன்பக்கம் தள்ளுவதை விட்டேன், நேர்க்கீழாகப் போட்டேன். மூன்றாவது தட்டில் கவ்வியது. நான்காவதில் வழுக்கியது. மறுபடி ஆதி தாளத்தை முதலிலிருந்து போடத் தொடங்கினேன்.